இரும்புக்குள் கேட்ட 'கரகர' சத்தம்... வெல்டிங்கில் ஒளிந்திருக்கும் ஆபத்தைக் கண்டறிய வழிகாட்டிய பார்க்ஹவுசன் யார்?

தேனி மாவட்டம் தேவாரம் பக்கத்தில் இருக்கும் பொட்டிப்புரம் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான். மலையைக் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, அதை ஒரு பிரம்மாண்டமான காந்தமாக மாற்றுவதுதான் அந்தத் திட்டத்தின் மையம். மக்கள் எதிர்ப்பு, வழக்குகள், தமிழக அரசின் மறுப்பு என்று திட்டம் நின்றுபோனது தனிக் கதை.

ஆனா, அந்தத் திட்டத்துக்குள் ஒரு சுவாரஸ்யமான கேள்வி இருக்கிறது. ஒரு இரும்பைக் காந்தமாக்கும்போது, அந்த இரும்புக்குள்ளே என்னதான் நடக்கிறது?

100 வருஷங்களுக்கு முன்பே இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஒரு ஜெர்மன் பேராசிரியர். அவர் இரும்பைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டார். அன்று அவர் கேட்ட சத்தம்தான், இன்று வெல்டிங் செய்த இரும்பு எந்த இடத்தில் இறுகிப்போய் நிற்கிறது என்பதை, அதை வெட்டாமல், துளை போடாமல் கண்டுபிடிக்க உதவுகிறது. அவர் பெயர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன்.

யார் இவர்?

1881 டிசம்பர் 2-ம் தேதி ஜெர்மனியின் பிரெமன் நகரில் பிறந்தவர் பார்க்ஹவுசன். மியூனிக், பெர்லின், கோட்டிங்கன் என ஊர் ஊராகப் போய்ப் படித்தார். 1907-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். மின் அலைவுகளை எப்படி உருவாக்குவது என்பதுதான் அவரது ஆய்வு.

அன்றைக்கு வயர்லெஸ் என்பது புத்தம் புது விஷயம். மார்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி சிக்னல் அனுப்பி 6 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தத் துறையில் எல்லாமே முதல் முறையாக நடந்துகொண்டிருந்த காலம் அது.

பெர்லினில் சீமென்ஸ் ஹால்ஸ்கே நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். 1911-ல் டிரெஸ்டன் தொழில்நுட்பக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. அப்போது அவருக்கு வயது 29.

அந்தப் பதவிக்கே ஒரு சிறப்பு உண்டு. மின்சாரம் என்றால் டைனமோ, மோட்டார், டிராம் வண்டி என்று இருந்த காலத்தில், தந்தி, தொலைபேசி, வயர்லெஸ் போன்ற குறைந்த மின்னோட்டத்தில் இயங்கும் கருவிகளுக்கென்றே ஏற்படுத்தப்பட்ட பேராசிரியர் பதவி அது. இந்தத் துறைக்கு உலகிலேயே முதல் பேராசிரியர் அவர்தான் என்று சொல்கிறார்கள்.

மொட்டை மாடி ஆன்டெனாவுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

கேபிள் டிவி வருவதற்கு முன்பு தேனி, போடி, கம்பம் பக்கம் வீட்டு மாடியில் ஆன்டெனாவை கொடைக்கானல் கோபுரம் பக்கம் திருப்பித் திருப்பி வைத்தது பலருக்கு நினைவிருக்கும். மீன் முள் மாதிரி இருக்கும் அந்த அலுமினிய ஆன்டெனாவின் பெயர் யாகி - உடா ஆன்டெனா.

அதில் வரும் ஹிடெட்சுகு யாகி, ஜப்பானில் இருந்து டிரெஸ்டனுக்கு வந்து 1913-14-ல் பார்க்ஹவுசனிடம் பாடம் கற்றவர். குரு இரும்பின் சத்தத்தைக் கேட்டார். சீடர் காற்றில் வரும் அலையைப் பிடித்தார். அதன்பிறகு யாகியின் பெயர் உலகம் முழுக்க வீட்டுக் கூரைகளில் ஏறி உட்கார்ந்தது.

போர்க்களத்தில் கேட்ட விசில்

1914-ல் முதல் உலகப்போர் வந்தது. பார்க்ஹவுசனின் திறமை ராணுவப் பணிக்குத் திருப்பப்பட்டது. எதிரிகளின் தொலைபேசிப் பேச்சு, தரை வழியாகக் கொஞ்சம் கசியும். அதைப் பிடித்து, வால்வு ஆம்ப்ளிஃபையர் மூலம் பெரிதாக்கிக் கேட்பது அன்றைய உளவு வேலைகளில் ஒன்று.

அந்த ஹெட்ஃபோனில் சில நேரம் பேச்சே கேட்காது. மேலிருந்து கீழே இறங்கும் ஒரு நீண்ட விசில் சத்தம்தான் கேட்கும். சிப்பாய்கள் அதைக் குண்டு பறக்கும் சத்தம் மாதிரி இருப்பதாக நினைத்தார்கள். கருவி கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் பார்க்ஹவுசன் ஒதுக்கவில்லை. இது கருவியின் தப்பு இல்லை, இயற்கையில் இருந்து வருகிறது என்று குறித்து வைத்துக்கொண்டார்.

பிற்காலத்தில்தான் விஷயம் தெளிவானது. எங்கோ வெட்டிய மின்னலின் அலை, பூமியின் காந்தக் கோடுகள் வழியாக விண்வெளிவரை போய்த் திரும்பும்போது உண்டாகும் சத்தம் அது. பார்க்ஹவுசன் உயிரோடு இருக்கும்போதே, 1953-ல், இந்த விளக்கம் வெளியாகிவிட்டது.

1919: இரும்பு கரகரத்த நாள்

போர் முடிந்த பிறகு, 1919-ல் பார்க்ஹவுசன் ஒரு கட்டுரை வெளியிட்டார். புதிய ஆம்ப்ளிஃபையர் உதவியால் கண்டுபிடித்த இரண்டு நிகழ்வுகளைப் பற்றியது அது. ஒன்று, மேலே சொன்ன விசில். இன்னொன்றுதான் அவர் பெயரை இன்றுவரை நிலைக்க வைத்திருப்பது.

சோதனை ரொம்ப எளிது.

- ஒரு இரும்புத் துண்டு. அதைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள்.
- சுருளின் முனைகள் ஆம்ப்ளிஃபையருக்கும், அங்கிருந்து ஹெட்ஃபோனுக்கும் போகின்றன.
- பக்கத்தில் ஒரு காந்தத்தை மெதுவாகக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

காந்தம் சீராக, வழுக்கிக்கொண்டு போவதுபோல நெருங்குகிறது. அப்போ இரும்பும் சீராகத்தானே காந்தமாக வேண்டும்? ஆனால் ஹெட்ஃபோனில் கேட்டதோ, மணலைத் தகரத்தில் கொட்டினது மாதிரி ஒரு கரகர சத்தம். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன 'டிக் டிக்'குகள் ஒன்றாகச் சேர்ந்த சத்தம்.

இரும்பு சீராகக் காந்தமாவதில்லை, குட்டிக் குட்டித் தாவல்களாகத்தான் காந்தமாகிறது என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று அது. இதற்குத்தான் 'பார்க்ஹவுசன் விளைவு' என்று பெயர்.

அது ஏன் தாவித் தாவிப் போகிறது?

இரும்புக்குள்ளே ஏற்கெனவே குட்டிக் காந்த மண்டலங்கள் இருக்கின்றன. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் வெய்ஸ் 1907-லேயே இதை ஊகித்திருந்தார். ஒவ்வொரு மண்டலமும் ஒவ்வொரு திசையைப் பார்த்து நிற்கும். அதனால்தான் சாதாரண ஆணி காந்தமாக இருப்பதில்லை. ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும்.

வெளியில் இருந்து காந்தத்தைக் கொண்டுவந்தால், அந்தத் திசைக்கு ஒத்துப்போகும் மண்டலங்கள் பெரிதாகும், மற்றவை சுருங்கும். அதாவது, இரண்டு மண்டலங்களுக்கு நடுவில் இருக்கும் எல்லை நகரும்.

கனமான பீரோவைச் சொரசொரப்பான தரையில் தள்ளிப் பாருங்கள். முதலில் அசையாது. திடீரென ஒரு குதி குதித்து நகரும். மறுபடி மாட்டிக்கொள்ளும். மறுபடி குதிக்கும். இரும்புக்குள் இருக்கும் எல்லைகளும் அப்படித்தான். உள்ளே இருக்கும் அழுக்குத் துகள், கார்பைடு, படிக ஓரம் என்று ஏதாவது ஒன்றில் மாட்டி, பிறகு விடுபட்டுத் தாவும். ஒவ்வொரு தாவலும் சுருளில் ஒரு குட்டி மின் துடிப்பை உண்டாக்குகிறது. ஹெட்ஃபோனில் கேட்பது அதுதான்.

அப்போ, தரை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தானே பீரோவின் சத்தம் மாறும்? விஷயமே இங்குதான் இருக்கிறது. இரும்பின் உள்நிலை மாறினால், கரகர சத்தமும் மாறும்.

வெல்டிங்கில் என்ன ஆபத்து?

கிரில் பட்டறையில் கேட் செய்வதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரே பக்கமாக வெல்டிங் வைத்துக்கொண்டே போனால், கேட் கோணிக்கொள்ளும். காரணம், உருகிய இரும்பு ஆறும்போது சுருங்குகிறது. பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த இரும்பு சுருங்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த இழுபறியில் மெல்லிய கம்பி வளைந்துவிடும்.

சரி, வளையவே முடியாத கனமான தகடாக இருந்தால்? வளைவுக்குப் பதிலாக அந்த இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். வெளியில் எந்தச் சுமையும் இல்லாதபோதே, வெல்டிங் ஓரத்தில் இரும்பு தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நிற்கும். இதைத்தான் பொறியாளர்கள் 'எச்சத் தகைவு' என்கிறார்கள். சில நேரங்களில் அந்த இரும்பு தாங்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்திலேயே இந்த இழுவிசை போய்விடும்.

பார்வைக்கு வெல்டிங் பளபளவென்று நன்றாக இருக்கும். விரிசல் இருக்காது. எக்ஸ்ரே படத்திலும் ஓட்டை தெரியாது. ஆனால் உள்ளே இழுத்துக் கட்டிய ரப்பர் மாதிரி ஒரு விசை காத்திருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பார்க்ஹவுசன் டிரெஸ்டனில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே, 1938 மார்ச் 14-ல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் ஆல்பர்ட் கால்வாய் மேல் இருந்த ஒரு பாலம் உடைந்து விழுந்தது. முழுக்க வெல்டிங்கில் கட்டப்பட்டு, ஏறக்குறைய ஒரே ஒரு வருஷம் ஆன பாலம் அது. பெரிய சுமை எதுவும் இல்லாத நேரத்தில், ஒரு விரிசல் சத்தம் கேட்ட சில நிமிடங்களிலேயே துண்டு துண்டாகிப்போனது. இரும்பின் தரம், குளிர், வடிவமைப்பு ஆகியவற்றோடு, வெல்டிங்கில் தேங்கிய தகைவும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது.

1943 ஜனவரி 16-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் துறைமுகத்தில், அமைதியான தண்ணீரில் கட்டி நிறுத்தியிருந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புது எண்ணெய்க் கப்பல் நடுவில் பிளந்தது. அதுவும் வெல்டிங் கப்பல்தான். தரமில்லாத இரும்பும், வெல்டிங் குறைகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது இன்றும் பாடப்புத்தக உதாரணம்.

இரும்பின் சத்தம் ஆபத்தை எப்படிச் சொல்லும்?

இரும்பை ஒரு திசையில் இழுத்தால், காந்த மண்டலங்கள் அந்தத் திசைக்கே சாய ஆரம்பிக்கும். அதே திசையில் காந்தமாக்கிக் கேட்டால், கரகர சத்தம் கூடும். அழுத்தினால் சத்தம் குறையும். சாதாரண எஃகில் இதுதான் விதி. அதாவது, சத்தத்தின் அளவைப் பார்த்தே உள்ளே இழுவிசை இருக்கிறதா, அமுக்கு விசை இருக்கிறதா என்று சொல்லலாம்.

இன்றைய கருவியில் ஹெட்ஃபோன் வேலை இல்லை. லாட வடிவில் ஒரு குட்டி மின்காந்தம், நடுவில் ஒரு சுருள். இதை வெல்டிங் மேல் வைத்தால், சில நொடிகளில் கணினித் திரையில் எண் வந்துவிடும். வெட்ட வேண்டாம், துளை போட வேண்டாம், கதிர்வீச்சும் கிடையாது.

காந்தத்தூள் தூவிச் செய்யும் சோதனையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தச் சோதனை, ஏற்கெனவே விழுந்துவிட்ட விரிசலைக் காட்டும். பார்க்ஹவுசன் முறை, விரிசல் விழுவதற்கு முன்பே அதற்கான இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

தமிழகத்தில் இது எங்கே பயன்படுகிறது?

கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், இந்தத் துறையில் உலக அளவில் கவனிக்கப்பட்ட ஆய்வுகளைச் செய்திருக்கிறது. மின்நிலையங்களில் பயன்படும் குரோமியம் - மாலிப்டினம் எஃகு வெல்டிங்குகளில், வெப்பத்தால் பாதிக்கப்பட்ட பகுதி எப்படி மாறியிருக்கிறது என்பதை பார்க்ஹவுசன் சத்தத்தை வைத்தே பிரித்துப் பார்க்கலாம் என்று 1990-களில் அங்குள்ள விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

இதற்கு என்ன அவசரம்? கல்பாக்கத்தின் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையில், நீராவி உண்டாக்கும் கருவியின் குழாய்கள் இந்த வகை எஃகில் செய்தவை. நீளம் சுமார் 23 மீட்டர். குழாய்க்கு ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் சூடான திரவ சோடியம். இரண்டும் சந்தித்தால் கடுமையான வினை நடக்கும். ஒரு வெல்டிங் கூடத் தவறக் கூடாது.

அதனால்தான் இந்த வகை எஃகில் வெல்டிங் முடிந்ததும் வேலை முடிவதில்லை. அந்த இடத்தை மறுபடியும் 750 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, அப்படியே வைத்திருந்து, மெதுவாக ஆறவிடுவார்கள். தேங்கிய தகைவு பெரும்பாலும் தளர்ந்துவிடும். திருச்சி பெல் ஆலையில் பாய்லர் குழாய்கள் செய்பவர்களுக்கு இது அன்றாட வேலை. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் திருச்சியில் 1975 முதல் இயங்கிவருகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கும் இந்த விஷயம் தூரத்துச் செய்தி இல்லை. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலையில் இருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களை குமுளி மலைப்பாதையில் போகும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். முல்லைப் பெரியாறு தண்ணீர் முழு வேகத்தில் இறங்கும் அதுபோன்ற குழாய்களின் உள் அழுத்தத்தை, இரும்பும் அதன் இணைப்புகளும்தான் ராத்திரி பகலாகத் தாங்குகின்றன. நீளமாக வெல்டிங் செய்து இணைத்த தண்டவாளங்கள் கோடையில் விரிய இடமில்லாமல் உள்ளே இறுகி நிற்பதை அளக்கவும், ஐரோப்பாவில் பார்க்ஹவுசன் முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

பொட்டிப்புரத்தில் வர வேண்டிய காந்தத்தின் 85 டன் சிறு மாதிரி ஒன்று மதுரையில் இயங்கியிருக்கிறது. அங்கும் அடிப்படை இதுவேதான். இரும்பில் தகைவு தேங்கியிருந்தால், அது காந்தமாகும் விதமும் மாறும்.

இந்த முறையால் முடியாதது என்ன?

- காந்தம் ஒட்டும் இரும்பில் மட்டும்தான் இது வேலை செய்யும். அதே ஈனுலையின் பிரதான கலன் செய்யப்பட்ட துருப்பிடிக்காத எஃகு வகையில் இதைப் பயன்படுத்த முடியாது.
- மேற்பரப்பில் இருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம் வரைதான் சாதாரணமாகத் தெரியும். கனமான தகட்டின் நடுவில் என்ன இருக்கிறது என்று இது சொல்லாது.
- தகைவு மட்டுமல்ல, இரும்பின் கடினத்தன்மை மாறினாலும் சத்தம் மாறும். வெல்டிங் ஓரத்தில் இரண்டுமே ஒரே நேரத்தில் மாறும் என்பதுதான் பெரிய சிக்கல்.
- அதனால், அதே வகை எஃகுத் துண்டைத் தெரிந்த அளவு இழுத்துப் பார்த்து, கருவியை முதலில் பழக்க வேண்டும். அதைச் செய்யாமல் வரும் எண்ணை நம்ப முடியாது.

எனவே எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் போன்ற சோதனைகளுக்கு இது மாற்று இல்லை. அவற்றால் பார்க்க முடியாத ஒன்றைப் பார்க்கும் கூடுதல் கருவி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்ஹவுசன் பிறகு என்ன ஆனார்?

1919-க்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1920-ல் கார்ல் குர்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து, அதுவரை எட்டாத மிக உயர்ந்த அதிர்வெண் அலைகளை வால்வு மூலம் உண்டாக்கிக் காட்டினார். ஒரு மின்சுற்று எப்போது தானாக அலைவு எழுப்பும் என்பதற்கு அவர் சொன்ன விதி, இன்றும் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கும் 'பார்க்ஹவுசன் நிபந்தனை'. வால்வுகளைப் பற்றி அவர் எழுதிய பல பாகப் புத்தகம், ஒரு தலைமுறைக்கே பாடநூல்.

சத்தத்தின் மேல் அவருக்கு இருந்த ஆர்வமும் குறையவில்லை. காதுக்கு ஒரு சத்தம் எவ்வளவு பலமாகத் தெரிகிறது என்பதை அளக்கக் கருவி செய்தார். அதற்கு 'ஃபோன்' என்ற அலகையும் முன்வைத்தார். 1933-ல் அமெரிக்காவின் வானொலிப் பொறியாளர் நிறுவனம் அவருக்கு லீப்மன் நினைவுப் பரிசு வழங்கியது.

1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டன் மேல் குண்டு மழை பொழிந்தது. நகரத்தோடு சேர்ந்து அவரது ஆய்வகமும் அழிந்தது. அப்போது அவருக்கு வயது 63. 30 ஆண்டுகளுக்கு மேல் சேர்த்த கருவிகளும் ஆய்வுகளும் சாம்பலான நிலையில், பெரும்பாலானோர் ஒதுங்கியிருப்பார்கள். அவர் அதே நகரத்தில், அதே கல்லூரியில், தன் துறையை மறுபடியும் கட்டி எழுப்பும் வேலையில் இறங்கினார். 1949-ல் கிழக்கு ஜெர்மனி அரசு அவருக்குத் தேசியப் பரிசு வழங்கியது.

1956 பிப்ரவரி 20-ல், 74-வது வயதில், டிரெஸ்டனிலேயே காலமானார். அவர் துறை இயங்கிய கட்டடம் இன்று அவர் பெயரால் பார்க்ஹவுசன் பாவ் என்று அழைக்கப்படுகிறது.

1919-ல் அந்தக் கரகர சத்தத்தால் யாருக்கும் எந்தப் பயனும் இருக்கவில்லை. இரும்பு எப்படிக் காந்தமாகிறது என்ற அறிவியல் கேள்விக்கான விடையாக மட்டுமே அது இருந்தது. தொழிற்சாலைகள் அதைத் தகைவு அளக்கும் கருவியாகப் பரவலாக எடுத்துக்கொண்டது, அவர் இறந்து பல வருஷங்களுக்குப் பிறகுதான்.

இன்று கார் கியர், விமானச் சக்கர அச்சு, பாய்லர் குழாய், தண்டவாளம் என்று பல இடங்களில் ஒரு சின்னக் கருவியை வைத்து எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த எண் கூடுதலாக இருந்தால், அந்த இடம் மறுபடி சூளைக்குப் போகும், அல்லது வெல்டிங் பிரித்து மறுபடி வைக்கப்படும். கருவியைப் பிடித்திருப்பவர் திரையில் பார்ப்பது, 1919-ல் ஹெட்ஃபோனில் கேட்ட அதே சத்தத்தைத்தான்.